ஏரித் துறைமுகத்தில் ஒரு நெருப்புக் காவல்

பதுளையிலிருந்து ஏறிவரும் புகைவண்டி, தெமோதரை நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே புகுந்து, மலையை ஒருமுறை வளைந்து ஏறி, தான் கீழே கடந்துவந்த அந்நிலையத்தையே மேலே வந்தடைகின்றது. 1924 ஆம் ஆண்டில் பதுளைவரை நீண்ட அவ்விருப்புப் பாதை, காட்சியின்பத்துக்காக அமைக்கப்பட்டதன்று. ஊவாத் தோட்டங்களில் விளைந்த தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்தில் சேர்ப்பதே அதன் தலையாய நோக்கமாகும். தேயிலைப் பெட்டிகள் கொழும்பை அடைந்ததும் பேரே வாவியைச் சூழ்ந்திருந்த பண்டசாலைகளில் அடுக்கப்பட்டன. பின்னர் அவ்வாவியிலிருந்து கால்வாய் வழியே சரக்குப் படகுகளில் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கப்பலேறின. கடலைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டிராத தொழிலாளர் பலரின் உழைப்பு, இவ்வாறு ஒரு வாவிக்கரையிலும் ஒரு கப்பற்றுறையிலும் குவிந்து கிடந்தது. அவ்விடத்தில் ஒரு தீப்பொறி வீழுமாயின் எரிவது வணிகரின் பொருள் மாத்திரமன்று. மலைமேல் உழைத்தோரின் உழைப்புமாகும்.

இவ்வுண்மையை உளங்கொண்டு நோக்கின், துறைமுகங்கள் நெருப்பினின்றும் தம்மைக் காத்துக்கொண்ட வரலாறு மலைநாட்டாருக்கு அயலானதொன்றன்று என்பது புலனாகும். அவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குவது தீயணைப்புப் படகு. நீர்ப்பரப்பில் காவல் நின்று, நிலத்திலிருந்து அணுகவொண்ணாத நெருப்பை நீரிலிருந்து எதிர்க்கும் இப்படகின் பயனையும் எல்லையையும் ஒருங்கே உணர்த்தவல்லது கனடாவின் ரொறன்ரோ நகரின் அனுபவமாகும். 1983 ஆம் ஆண்டின் கலவரங்களுக்குப் பின் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர் பெருந்தொகையினராய் வாழும் நகரமாதலால், அதன் வரலாற்றை அறிதல் தமிழர்க்குப் பிறிதோர் வகையிலும் பொருத்தமுடைத்து. ஒன்ராறியோ ஏரிக்கரையில் அமைந்த அத்துறைமுகத்தின் நெருப்புக் காவலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். படகு இன்றியமையாதது, ஆயின் படகு மட்டும் போதாது என்பதே இவ்வாராய்ச்சியிற் பெறப்படும் முடிபு.

தீயணைப்புப் படகின் தோற்றம்

துறைமுகத் தீ ஏனைய தீயினும் கொடியது. மரம், பருத்தி, எண்ணெய், தானியம் முதலாய எளிதிற் பற்றும் பொருள்கள் ஒரே இடத்தில் செறிந்திருத்தல் அதன் முதற் காரணம். பண்டசாலைகளின் ஒரு பக்கம் தெருவை நோக்கியிருப்பினும் மறுபக்கம் நீரை நோக்கியிருத்தல் இரண்டாவது காரணம். தெருவில் நிற்கும் தீயணைப்பு வண்டி முன்பக்கத்தை மாத்திரமே எதிர்கொள்ளும். பின்பக்கமாகப் பரவும் தீ, அருகே கட்டப்பட்டிருக்கும் கப்பல்களைப் பற்றி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். கண்ணெதிரே நீர் அளவின்றிக் கிடந்தும் அதனை எடுத்து வீசுவாரின்றி நகரம் எரிவதுண்டு.

இலண்டன் நகரத்துக் காப்புறுதி நிறுவனமொன்று 18 ஆம் நூற்றாண்டிலேயே கையால் இயக்கும் பம்பியொன்றைச் சிறு படகிற் பொருத்தித் தேம்சு நதியில் நிறுத்தியது. பொதுநலம் கருதி அன்று, தான் காப்புறுதி அளித்த பண்டசாலைகளின் இழப்பைக் குறைத்தற்பொருட்டே அந்நிறுவனம் அவ்வாறு செய்தது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிப் பொறி படகிற் புகுந்த பின்னரே தீயணைப்புப் படகு தன் முழு வலிமையை அடைந்தது. 1870 களில் போஸ்ரன், நியூயோர்க் ஆகிய நகரங்கள் நீராவியால் இயங்கும் தீயணைப்புப் படகுகளைப் பணியில் அமர்த்தின. தனியார் இலாபத்தைக் காக்கத் தோன்றிய கருவி, இவ்வாறு நகரத்தின் பொதுச் சொத்தாக மாறியது.

அதன் அமைப்பு எளிதில் விளங்கத்தக்கது. நிலத்திலுள்ள வண்டி, தெருக்குழாயிலுள்ள நீரையே நம்பி நிற்றல் வேண்டும். குழாயில் அழுத்தம் குன்றினால் அதன் ஆற்றலும் குன்றும். படகோ தான் மிதக்கும் நீரையே தன் அடிப்பாகத்தின் வழியாக உறிஞ்சி, தளத்தின்மேற் பொருத்தப்பட்ட பெரிய நீர்ப்பீரங்கிகளின் மூலம் எரியும் இடத்தை நோக்கிப் பாய்ச்சுகின்றது. தேவை ஏற்படின் கரையிலுள்ள வண்டிகளுக்கும் குழாய்வழி நீரூட்டும். ஆதலின் ஒரு நல்ல தீயணைப்புப் படகு, நகரத்தின் நீர்வழங்கல் முற்றாகச் செயலிழந்த வேளையிலும் செயற்படக்கூடிய நீர்நிலையமொன்று என்று கூறின் மிகையாகாது.

ஐம்பேரேரிகளும் அவற்றின் துறைகளும்

வட அமெரிக்காவின் ஐம்பேரேரிகள் ஏறத்தாழ 2,44,000 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையவை. இலங்கையின் பரப்பைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேற்பட்டவை. பெயரால் ஏரியாயினும் தன்மையாற் கடலையொத்த அந்நீர்ப்பரப்பின் கரையில் சிக்காகோ, மில்வோக்கி, டெற்றோயிற், பஃபலோ, ரொறன்ரோ முதலாய நகரங்கள் எழுந்தன. மேற்குச் சமவெளிகளின் கோதுமையும், வடபகுதியின் இரும்புத் தாதும், மரமும், நிலக்கரியும் அத்துறைகளின் வழியே சென்றன. மரத்தாலான தானியக் களஞ்சியங்களும் மரக்கப்பல்களும் நெருங்கி நின்ற அத்துறைகளில் நெருப்பு ஓயாத அச்சமாக இருந்தது.

ஏரித் துறைமுகத்துக்கெனத் தனித்த இடர்ப்பாடு ஒன்றுண்டு. கடலின் உப்புநீர் எளிதில் உறைவதில்லை. நன்னீர் ஏரியோ குளிர்காலத்தில் கரையோரமெங்கும் பனிக்கட்டியாய் இறுகிவிடும். நெருப்பு எழும் இடத்துக்குப் படகு செல்லவேண்டுமாயின் முதலிற் பனியை உடைத்துக்கொண்டு செல்லல் வேண்டும். ஆதலால் இவ்வேரிகளிலுள்ள தீயணைப்புப் படகுகள் பல, பனியுடைக்கும் கலங்களாகவும் அமைக்கப்பட்டன. ஏனைய நாட்களில் பனியை உடைத்துப் போக்குவரத்துக்கு வழி செய்தலும், நெருப்பு நேர்ந்தவிடத்து விரைதலும் ஒரே படகின் கடமைகளாயின.

ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோ நகரின் படகு இதற்குச் சிறந்த சான்றாகும். 1900 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அது, தொடக்கத்தில் வில்லியம் எஸ். கிரட்டன் என்னும் பெயரைத் தாங்கியிருந்தது. 118 அடி நீளமுடைய அப்படகு நிமிடத்துக்கு 15,000 கேலன் நீரை இறைக்கவல்லது. 1928 ஆம் ஆண்டில் எண்ணெய் ஏற்றிய சரக்குத் தோணியொன்றின் தீயை அணைக்கச் சென்றபோது அத்தீ படகையே பற்றிக்கொண்டது. பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். எரிந்த படகு கைவிடப்படவில்லை. மீளவும் புதுக்கப்பட்டுப் பணிக்குத் திரும்பியது. 1954 இல் அந்நகரின் தீயணைப்பாளர் தொழிற்சங்கத் தலைவராயிருந்த எட்வேட் எம். கொட்டர் என்பாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தளபதியரின் பெயரையும் செல்வரின் பெயரையும் கப்பலுக்கு இடும் உலகில், உழைப்பாளர் சங்கத் தலைவர் ஒருவரின் பெயரை நகரப் படகு தாங்குதல் கருதற்பாலது.

1960 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஏரியின் எதிர்க்கரையில், கனடாவின் போட் கொல்போன் துறையில், தானியக் களஞ்சியமொன்று தீப்பற்றியது. உதவி வேண்டப்பட்டதும் கொட்டர் படகு ஏரியைக் கடந்து சென்று அத்தீயை எதிர்த்தது. நாட்டெல்லையைக் கடந்து பிறிதொரு நாட்டின் தீயை அணைத்த முதல் அமெரிக்கத் தீயணைப்புப் படகு அதுவே என்பர். நெருப்புக்கு நாட்டெல்லை இல்லை. அதனை அணைப்பார்க்கும் அன்று எல்லை இருக்கவில்லை.

எரிந்து கற்ற நகரம்

ரொறன்ரோ நகரம் நெருப்பின் பாடத்தைத் தவணை தவணையாகவே கற்றது. 1904 ஆம் ஆண்டு ஏப்ரில் 19 ஆந் திகதி இரவு, வெலிங்டன் தெருவிலிருந்த தொழிலகமொன்றில் எழுந்த தீ, குளிர்ந்த பெருங்காற்றினால் உந்தப்பட்டு வணிகப் பகுதியெங்கும் பரவியது. நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன, ஆயிரக்கணக்கானோர் தொழிலிழந்தனர். ஹமில்ரன், பஃபலோ முதலிய நகரங்களிலிருந்து தீயணைப்பாளர் விரைந்தனர். எரிந்த பகுதி ஏரிக்கு அண்மையிலேயே இருந்தது. அவ்வாறிருந்தும் குழாய்களிலிருந்த நீரழுத்தம் உயர்ந்த கட்டடங்களை எட்டப் போதவில்லை. வாசலிற் பேரேரி விரிந்து கிடக்க, நகரம் நீரின்றி எரிந்தது.

அழிவின் பின்னர் நகர மன்றம் விழித்துக்கொண்டது. ஏரி நீரையே உயரழுத்தத்தில் வணிகப் பகுதிக்குச் செலுத்தும் தனிக் குழாய்த் தொகுதி அமைக்கப்பட்டது. கட்டட விதிகள் இறுக்கமாயின. 1920 களில் சார்ள்ஸ் ஏ. றீட் என்னும் மரப்படகு துறைமுகத்தின் தீயணைப்புக் காவலை மேற்கொண்டது. இவ்வாறு கரையும் துறையும் காவல் பெற்றன. எனினும் துறையில் வந்து கட்டப்படும் கப்பலின் உள்ளே என்ன இருக்கின்றது என்பதை நகரம் ஆராயவில்லை. ஆராயும் அதிகாரமும் அதற்கு இருக்கவில்லை. அவ்விடைவெளியிலேயே அடுத்த அழிவு புகுந்தது.

நொறோனிக் எரிந்த இரவு

எஸ். எஸ். நொறோனிக் 1913 இல் நீரில் இறக்கப்பட்ட ஐந்து தளக் கப்பல். ஐம்பேரேரிகளில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகிய அது, கனடா ஸ்ரீம்சிப் லைன்ஸ் நிறுவனத்துக்கு உரியது. அதன் உட்சுவர்கள் எண்ணெய் பூசி மெருகேற்றிய மரப்பலகைகளால் ஆனவை. முப்பத்தாறு ஆண்டுகளாகத் தீட்டப்பட்ட எண்ணெயும் மெருகும் அம்மரத்தில் ஊறியிருந்தன. கண்ணுக்கு அழகாயிருந்த அது, நெருப்புக்கு விறகாயிருந்தது.

1949 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 14 ஆந் திகதி டெற்றோயிற் நகரிலிருந்து புறப்பட்ட அக்கப்பல், 16 ஆந் திகதி மாலை ரொறன்ரோத் துறையில் இராத் தங்கற்பொருட்டுக் கட்டப்பட்டது. அப்பயணத்தில் 524 பயணிகளும் 171 பணியாளரும் இடம்பெற்றிருந்தனர். பயணிகளுள் மிகப் பெரும்பாலார் அமெரிக்கர். கப்பல் துறையை அடைந்ததும் பணியாளருட் பெரும்பாலார் கரைக்குச் சென்றுவிட்டனர். நள்ளிரவுக்குப் பின் கப்பலிற் காவலிருந்தோர் ஏறத்தாழப் பதினைவர் மாத்திரமே. பயணிகள் பலர் தத்தம் அறைகளில் உறங்கிக் கிடந்தனர்.

அதிகாலை இரண்டரை மணியளவில் பயணி ஒருவர் புகை நாற்றத்தை உணர்ந்து, பூட்டியிருந்த துணியறை ஒன்றிலிருந்து அது வருவதைக் கண்டார். பணியாள் ஒருவனை அழைத்தார். அவனோ அபாய மணியை ஒலிக்காது திறப்பைத் தேடி ஓடினான். அறையின் கதவு திறக்கப்பட்டதும் உள்ளே அடைபட்டிருந்த நெருப்பு நடைவழியிற் பாய்ந்தது. தீயணை கருவி பயன்படவில்லை. சுவரிலிருந்த குழாயிலிருந்து நீர் வரவில்லை. சில நிமிடங்களில் மேற்றளங்கள் எரியலாயின. கரைக்கு இறங்கும் வாயில்கள் ஒரே தளத்திலேயே அமைந்திருந்தன. மேற்றளங்களில் இருந்தோர் அவ்வாயில்களை அடைய, எரியும் படிக்கட்டுகளின் வழியே இறங்கவேண்டியிருந்தது. பலர் கயிறுகளைப் பற்றி இறங்கினர். பலர் இருளில் ஏரியிற் குதித்தனர்.

நகரத் தீயணைப்புப் படை தாமதிக்கவில்லை என்பது ஈண்டு வற்புறுத்திக் கூறத்தக்கது. அழைப்புக் கிடைத்த சில நிமிடங்களுள் முதல் வண்டி துறையை அடைந்தது. ஏணி வண்டிகளும் உயரழுத்த வண்டிகளும் தொடர்ந்து வந்தன. தீயணைப்புப் படகும் நீர்ப்பக்கமாக வந்து சேர்ந்தது. தீயணைப்பாளர் சாத்திய ஏணியொன்று பயணிகளின் நெருக்கடியைத் தாங்காது முறிந்து, அதில் நின்றோர் நீரில் வீழ்ந்தனர். சிறு படகோட்டிகளும் பொலிசாரும் தாமே நீரிற் குதித்துப் பலரைக் கரை சேர்த்தனர். 37 குழாய்களின் மூலம் ஏறத்தாழ 17 இலட்சம் கேலன் நீர் கப்பலின்மீது பொழியப்பட்டது. அந்நீரின் நிறையால் கப்பல் துறைமேடையை நோக்கிச் சாய்ந்தது. தீயணைப்பாளர் பின்வாங்க நேர்ந்தது. பின்னர் அது ஒருவாறு நிமிர்ந்து ஆழங்குறைந்த நீரில் அடியில் அமர்ந்தது. விடியற்காலை ஐந்து மணியளவில் நெருப்பு அடங்கியது.

உள்ளே சென்றோர் கண்டது எழுத்தில் அடங்காதது. மாண்டோர் தொகை 118 என்றும் 139 என்றும் வெவ்வேறாகக் கூறப்படுகின்றது. தொகையையே திட்டமாகக் கூறமுடியாமற் போனமை அத்தீயின் கொடுமைக்குச் சான்று. நகரின் கண்காட்சித் திடலிலுள்ள மண்டபமொன்று பிணவறையாக்கப்பட்டது. பல்லின் அடையாளங்களையும் எக்ஸ்-கதிர்ப் படங்களையும் கொண்டு இறந்தோரை இனங்காணும் பணி மாதக்கணக்கில் நீடித்தது. கப்பற் பணியாளருள் ஒருவரேனும் அத்தீயில் மாளவில்லை என்ற செய்தி மக்களின் உள்ளத்தைச் சுட்டது.

விசாரணையும் விதியும்

நீதியரசர் றோய் கெலொக் தலைமையில் நடைபெற்ற விசாரணை, தீ எவ்வாறு மூண்டது என்பதை ஐயத்துக்கிடமின்றித் துணிய இயலவில்லை. அணைக்கப்படாத சிகரெற் துண்டொன்று காரணமாயிருக்கலாம் எனக் கருதப்பட்டது. ஆயின் ஒரு பொறி எவ்வாறு ஒரு பேரழிவாயிற்று என்பது தெளிவாயிற்று. எரியும் தன்மையுடைய சுவர்கள், போதிய இரவுக் காவலின்மை, பயிற்சியற்ற பணியாளர், பயன்படாத குழாய்கள், ஒரே தளத்திற் குவிந்த வாயில்கள், பயணிகளை எழுப்பத் திட்டமின்மை ஆகிய யாவும் கூடியே அக்கப்பலை எரித்தன. நிறுவனமும் கப்பித்தானும் பொறுப்பாளிகள் எனக் காணப்பட்டனர். கப்பித்தானின் சான்றிதழ் ஓராண்டுக்கு இடைநிறுத்தப்பட்டது. நிறுவனம் இருபது இலட்சம் டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகையை இழப்பீடாக வழங்கியது.

இவ்விழப்பு முன்னறிவிப்பின்றி வந்ததன்று. அதே நிறுவனத்தின் ஹமோனிக் என்னும் உடன்பிறப்புக் கப்பல், நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1945 ஆம் ஆண்டு யூலையில், போயின்ற் எட்வேட் துறையில் எரிந்தழிந்தது. அது பகல்வேளையாயிருந்தமையாலும், நிலக்கரி அள்ளும் பாரந்தூக்கியின் வாளியைக் கொண்டு மக்களை மீட்ட தொழிலாளரின் சமயோசிதத்தாலும் பெரும் உயிரிழப்புத் தவிர்க்கப்பட்டது. உயிர்கள் தப்பியமையால் எச்சரிக்கையும் மறக்கப்பட்டது. நல்லூழ் மீட்டதை ஒழுங்கு மீட்டதாகக் கருதிய பிழைக்கு நான்கு ஆண்டுகளின் பின் விலை கொடுக்கவேண்டியதாயிற்று.

நொறோனிக்கின் பின் கப்பல்களுக்கான தீப் பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. மரத்தால் உள்ளமைந்த பழைய கப்பல்களுக்கு அவ்விதிகளை நிறைவேற்றுதல் பெருஞ் செலவாயிற்று. 1960 களின் இறுதிக்குள் ஐம்பேரேரிகளில் பழைய வகை உல்லாசக் கப்பற் பயணம் மறைந்தது. இடையில், 1959 இல் சென் லோறன்ஸ் கடல்வழி திறக்கப்பட்டதும், மாகடற் கப்பல்கள் ரொறன்ரோவரை வந்து சேர்ந்தன. பழைய மரப்படகு அத்துறைமுகத்துக்குப் போதாதாயிற்று.

1964 ஆம் ஆண்டில் ஓவன் சவுண்ட் நகரிற் கட்டப்பட்ட புதிய உருக்குப் படகு பணியில் அமர்ந்தது. ஏறத்தாழ 81 அடி நீளமும் பனியுடைக்கும் ஆற்றலும் கொண்ட அதற்கு வில்லியம் லையன் மக்கென்சி என்று பெயரிடப்பட்டது. மக்கென்சி 1834 இல் ரொறன்ரோவின் முதல் நகரபிதாவாக இருந்தவர். 1837 இல் ஆட்சியாளருக்கெதிராகக் கிளர்ச்சியை நடத்தியவர். தன் காலத்தில் நெருப்பு மூட்டினவராகக் கருதப்பட்டவரின் பெயரை நெருப்பணைக்கும் படகு ஏற்றது வரலாற்றின் விநோதமே. குளிர்காலத்தில் துறைமுகப் பனியை உடைத்து ரொறன்ரோத் தீவுகளின் மக்களுக்குப் படகுவழியைத் திறத்தலும் அதன் பணியாயிற்று. 2015 இல் இரண்டாவது படகொன்று அதனுடன் சேர்க்கப்பட்டது. அந்நகரில் கடமையின்போது உயிர்நீத்த முதல் தீயணைப்பாளரான, 1848 இல் மாண்ட வில்லியம் தோண்டன் என்பவரின் பெயர் அதற்கு இடப்பட்டது.

நீரின் எல்லை

படகும் நீரும் இருந்தும் காக்க முடியாமற் போன நிகழ்ச்சிகள் பிறவும் உள. 1942 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆந் திகதி நியூயோர்க் துறையில், படைவீரரை ஏற்றும் கலமாக மாற்றப்பட்டுக்கொண்டிருந்த நோமண்டி என்னும் பெருங்கப்பலில், உருக்கு வெட்டும் வேலையின்போது பறந்த பொறி உயிர்காப்பு அங்கிக் குவியலிற் பற்றியது. தீயணைப்புப் படகுகளும் வண்டிகளும் பொழிந்த நீர் மேற்றளங்களில் தேங்கியது. தீ அடங்கிய பின்னர், மறுநாள் அதிகாலையில், அந்நீரின் நிறையாலேயே கப்பல் கவிழ்ந்து கிடந்தது. நெருப்பை வென்ற நீர் கப்பலை வென்றது.

இதனினும் நமக்கு அண்மையது பம்பாய் நிகழ்ச்சி. 1944 ஆம் ஆண்டு ஏப்ரில் 14 ஆந் திகதி, விக்ரோறியாத் துறையில் நின்ற போட் ஸ்ரிக்கீன் என்னும் கப்பலின் இரண்டாம் அறையில் தீ காணப்பட்டது. அக்கப்பலில் ஏறத்தாழ 1,400 தொன் வெடிபொருள்களும், கராச்சியில் ஏற்றப்பட்ட ஆயிரக்கணக்கான பருத்திப் பொதிகளும், எண்ணெயும் ஒருங்கே இருந்தன. வெடிமருந்தைப் பருத்தியோடும் எண்ணெயோடும் ஏற்றலாகாது என்பது அறியப்படாத செய்தியன்று. போர்க்கால அவசரத்தின் பெயரால் அது புறக்கணிக்கப்பட்டது. வெடிபொருட் கப்பலென உணர்த்தும் சிவப்புக் கொடியும் ஏற்றப்படவில்லை. தீயணைப்பாளரும் தீயணைப்புப் படகுகளும் 900 தொன்னுக்கு மேற்பட்ட நீரைக் கப்பலினுள் இறைத்தனர். புகையின் மிகுதியால் தீயின் மூலத்தைக் காணமுடியவில்லை. இறைத்த நீரே கொதித்தது. பிற்பகல் 4 மணி 6 நிமிடத்தில் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்துள் இரண்டாம் முறை வெடித்தது. எண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் 66 பேர் தீயணைப்பாளர். ஆண்டுதோறும் ஏப்ரில் 14 ஆந் திகதி தொடங்கி இந்தியாவில் தீயணைப்புச் சேவை வாரம் அனுட்டிக்கப்படுவது அவர்களின் நினைவாகவே.

பம்பாயில் மாண்ட தீயணைப்பாளர் வீரத்திற் குறைந்தவரல்லர். ரொறன்ரோவில் விரைந்து வந்தோர் கடமையிற் குறைந்தவரல்லர். அவர்கள் வருமுன்னரே தோல்வி எழுதப்பட்டுவிட்டது. கப்பலைக் கட்டியவர், சரக்கை ஏற்றியவர், விதியை இயற்றாதவர் அல்லது இயற்றியும் செயற்படுத்தாதவர் ஆகியோர் செய்த பிழைகளை, கடைசியில் ஒரு படகிடமும் அதிலிருந்த சிலரிடமும் ஒப்படைத்துத் தீர்க்கும்படி கேட்டதே அத்தோல்வியின் உட்பொருள்.

கொழும்பும் மலைநாடும்

இலங்கை இப்பாடத்தை மிக அண்மையிலும் பெற்றது. 2021 ஆம் ஆண்டு மே 20 ஆந் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேள் என்னும் கொள்கலக் கப்பல் தீப்பற்றியது. 1,486 கொள்கலங்களுடன் வந்த அதில் 25 தொன் நைத்திரிக்கமிலமும் இருந்தது. அமிலக் கசிவு பல நாட்களுக்கு முன்னரே கப்பலிற் கண்டறியப்பட்டிருந்தது. வழியிலிருந்த இரு துறைமுகங்கள் அக்கொள்கலத்தை இறக்க இடமளிக்கவில்லை. இழுவைப் படகுகளும் இந்தியக் கடலோரக் காவற் கப்பல்களும் நாட்கணக்கில் நீரும் நுரையும் பாய்ச்சின. யூன் 2 ஆந் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது கப்பல் அமிழத் தொடங்கியது. கரையெங்கும் பிளாத்திக்கு மணிகள் ஒதுங்கின, மீனவர் தொழிலிழந்தனர். இங்கும் நீர் குறைவில்லை, கலங்கள் குறைவில்லை. கசியும் கொள்கலத்தை ஏற்கும் பொறுப்பை எவரும் ஏற்காமையே குறை.

ஈண்டு மீண்டும் மலைநாட்டை நோக்குதல் பொருத்தமாகும். ஊவாவிலும் ஏனைய மலைப்பகுதிகளிலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றின் இருப்பிடம் இன்றும் லயன் அறைகளே. ஒரே கூரையின்கீழ், ஒரே சுவரைப் பகிர்ந்து, வரிசையாய் அமைந்த சிற்றறைகள் அவை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கூறப்படும் அறைக்குள்ளேயே அடுப்பும் விறகும், துணிமணியும், பிள்ளைகளின் புத்தகமும், அடையாள ஆவணங்களும் இருக்கும். மரச்சட்டங்களும் அட்டைத் தடுப்புகளும் தகரக் கூரையைத் தாங்கி நிற்கும். ஓர் அறையில் எழும் தீ கூரைக்கு அடியில் ஓடி வரிசை முழுவதையும் பற்றும். லயன் குடியிருப்பு எரிந்து குடும்பங்கள் உடுத்த உடையோடு நிற்கும் செய்திகள் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வெளிவருவதை யாவரும் அறிவர். தீயணைப்பு வண்டி நிலைகொண்டிருப்பதோ நகரத்தில். செங்குத்தான, குறுகிய தோட்டப் பாதையில் அது ஏறிவருமுன் வாளி கொண்டு நின்ற அயலாரின் போராட்டம் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

நொறோனிக் கப்பலையும் லயன் வரிசையையும் ஒப்புநோக்குவார்க்கு ஓர் ஒற்றுமை தெரியாமற் போகாது. நெருங்கிய சிற்றறைகள், எரியும் பொருளாலான தடுப்பு, தப்பும் வழியின் சுருக்கம், அருகில் அணைக்கும் கருவியின்மை, உறக்கத்தில் வரும் நெருப்பு ஆகியன இரண்டுக்கும் பொது. வேற்றுமையும் ஒன்றுண்டு. கப்பல் ஒரே இரவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றமையால் விசாரணை நடந்தது, விதி பிறந்தது, அவ்வகைக் கப்பல்களே ஏரியினின்றும் மறைந்தன. லயன் வரிசைகள் ஒவ்வொன்றாய், ஆண்டுக்காண்டு, தனித்தனியே எரிகின்றன. ஒவ்வொரு முறையும் உலருணவும் கூரைத் தகடும் வழங்கப்பட்டு நிகழ்ச்சி முடிவுறுகின்றது. சிறிது சிறிதாக நிகழும் அழிவு விதியைப் பிறப்பிப்பதில்லை என்பதே இதனாற் பெறப்படும் கசப்பான உண்மை.

முடிவுரை

தீயணைப்புப் படகின் வரலாறு இருவகைப் பொறுப்புகளை உணர்த்துகின்றது. முதலாவது, காத்திருக்கும் பொறுப்பு. ஆண்டின் பெரும்பகுதி துறையோரம் சும்மா நிற்பதுபோலத் தோன்றும் ஒரு படகையும், அதன் பணியாளரையும், அதன் பொறியையும் ஆயத்தமாய் வைத்திருத்தல் செலவுடையது. அச்செலவை வீணெனக் கருதாத நகரமே தன் மக்களின் உயிரை மதிக்கும் நகரம். இரண்டாவது, முன்காக்கும் பொறுப்பு. எரியாத சுவர், திறந்த வாயில், தேர்ந்த காவலாளி, ஏற்றத்தகாததை ஏற்றாத ஒழுங்கு ஆகியவை படகு புறப்படுமுன்னரே ஆற்றவேண்டிய பணிகள். முதலாவது இன்றி இரண்டாவது முழுமை பெறாது; இரண்டாவது இன்றி முதலாவது பிணங்களை எண்ணும் பணியாய் முடியும்.

தெமோதரையின் மலைச்சரிவில் பேரேரியும் இல்லை; படகுக்குத் தேவையும் இல்லை. ஆயின் ரொறன்ரோத் துறையில் 1949 இல் கற்கப்பட்ட பாடம் அங்கும் செல்லும். வரிசை வரிசையாய் எரியக்கூடிய இருப்பிடங்களுக்கு ஈடாகத் தனித்தனி வீடுகள் எழுதல் வேண்டும். அவை எழும்வரை ஒவ்வொரு குடியிருப்புக்கும் அணைக்கும் நீரும், கருவியும், அதனைக் கையாளப் பயின்ற சிலரும் இருத்தல் வேண்டும். கொழும்புத் துறைமுகத்தைச் சேர்ந்த தேயிலைப் பெட்டிக்குப் பண்டசாலையும் காப்புறுதியும் இருந்தன. அத்தேயிலையைக் கொய்த கை உறங்கும் அறைக்கும் அதுபோன்ற காவல் வேண்டும் என்பது மிகையான கோரிக்கையன்று.